'குரோத்தோ': பிச்சைக்காரரைக் குறிக்கும் ஓர் அர்ஜென்டினக் கொச்சைச் சொல்லின் பொருளும் புழக்கமும்

ஸ்பானிய மொழி கற்றுவரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அர்ஜென்டினக் கதை ஒன்றில் 'குரோத்தோ' என்ற சொல் அடிக்கடி வருகிறது. என்னிடம் இருக்கும் அகராதி 'பிச்சைக்காரன், கொச்சை வழக்கு' என்று மட்டும் சொல்கிறது. ஆனால் கதையில் வரும் மனிதன் யாரிடமும் கையேந்தவில்லை. சரக்கு ரயிலில் ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறான். வேறோர் இடத்தில் ஒரு தாய் தன் மகனின் சட்டையைப் பார்த்துவிட்டு இதே சொல்லால் அவனைக் கடிந்துகொள்கிறாள். உண்மையான பொருள் எது? பேச்சில் இதைப் பயன்படுத்தலாமா?"

அகராதி சொல்வது தவறில்லை. ஆனால் அது மிகக் குறைவாகச் சொல்கிறது. இன்றைய அர்ஜென்டினப் பேச்சில் 'குரோத்தோ' என்பது வீடுவாசல் இன்றித் தெருவில் வாழ்பவரையும், அழுக்கும் கந்தலுமாகத் திரிபவரையும், பிச்சை எடுப்பவரையும் இளக்காரமாகக் குறிக்கும் சொல். அதிலிருந்து விரிந்து, ஒழுங்காக உடுத்தாத எவரையும் மட்டமான எதையும் குறிக்கவும் அது வருகிறது. ஆனால் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல் பிறந்தபோது, அறுவடை வேலை தேடிச் சரக்கு ரயிலில் கட்டணம் இல்லாமல் பயணம் செய்த கூலித் தொழிலாளிக்குத்தான் அது பெயராக இருந்தது. உங்கள் கதையில் ரயிலில் போகிறவன் பழைய பொருளில் குரோத்தோ. தாயிடம் திட்டு வாங்கும் மகன் புதிய பொருளில் குரோத்தோ. இந்த இரண்டுக்கும் இடையே ஒரு நாட்டின் உழைப்பாளர் வரலாறே அடங்கியிருப்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இலக்கணத்தை முடித்துவிடலாம். ஆணுக்குக் 'குரோத்தோ', பெண்ணுக்குக் 'குரோத்தா', பன்மையில் 'குரோத்தோஸ்', 'குரோத்தாஸ்'. பெயர்ச்சொல்லாகவும் பெயரடையாகவும் வரும். 'குரோதெயார்' என்ற வினையும் உண்டு. குரோத்தோவாக அலைந்து திரிவது என்பது அதன் பொருள். அர்ஜென்டினாவுக்கு வெளியே இந்தச் சொல்லை எல்லோரும் அறிந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. மாட்ரிட் நகரிலோ மெக்சிகோவிலோ இதைச் சொன்னால், அர்ஜென்டினப் பேச்சோடு பழக்கம் இல்லாதவர் விழிப்பார்.

இந்தச் சொல் ஒரு மனிதரின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. ஹோசே கமிலோ குரோத்தோ என்பவர் 1918 முதல் 1921 வரை ப்யூனஸ் அயர்ஸ் மாகாணத்தின் ஆளுநராக இருந்தார். அன்று குடியரசுத் தலைவராக இருந்த இப்பொலிதோ இரிகோயனின் ராடிக்கல் கட்சியைச் சேர்ந்தவர்; பின்னர் அவரோடு முரண்பட்டுப் பதவிக்காலம் முடியும் முன்பே விலகியவர். அவருடைய இத்தாலியக் குடும்பப் பெயரில் 't' எழுத்து இரண்டு முறை வரும். கொச்சைச் சொல்லில் ஒன்று போய்விட்டது. அறுவடைக்குச் செல்லும் கூலித் தொழிலாளர்கள் சரக்கு ரயில்களில் பயணச்சீட்டு இல்லாமல் போகலாம் என்று 1920-ஆம் ஆண்டு அவருடைய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதுவரை அப்படிப் போவது குற்றம்; ரயில் காவலர்கள் அடித்து இறக்கிவிடுவார்கள், போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆணை வந்த பிறகு, சரக்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பவர்களைச் சுட்டி "பியாஹான் போர் குரோத்தோ", அதாவது "இவர்கள் குரோத்தோ கணக்கில் போகிறார்கள்" என்று சொல்லி விட்டுவிடும் வழக்கம் ஏற்பட்டது. நாளடைவில் 'குரோத்தோ கணக்கில் போகிறவர்' என்பது சுருங்கி அந்த மனிதரே 'குரோத்தோ' ஆனார். ஆளுநரின் பெயரைத் தெரியாதவர்கள்கூட இன்று அந்தச் சொல்லைப் பேசுகிறார்கள்.

இப்படி ஓர் ஆணை ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த நிலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பம்பா என்று அழைக்கப்படும் பெரும் சமவெளி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உலகச் சந்தைக்குக் கோதுமையும் மக்காச்சோளமும் ஆளி விதையும் விளைவித்துக் கொடுத்தது. அவற்றைத் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்லப் பெரும்பாலும் ஆங்கிலேயர் மூலதனத்தில் ரயில் பாதைகள் போடப்பட்டன. 1914 வாக்கில் நாட்டின் இருப்புப் பாதைகள் 33,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தன. நிலம் சிலர் கையில் இருந்தது. வேலையோ ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வெள்ளமாக வந்து, பிறகு வற்றிவிடும். கோதுமை அறுவடை நவம்பர் மாதத்தில் வடக்கே சாந்த்தா ஃபே பக்கம் தொடங்கித் தெற்கு நோக்கி நகர்ந்து ஜனவரி வரை நீளும், மார்ச் மாதம் முதல் மக்காச்சோளம், பிறகு உருளைக்கிழங்கு, வேறு பருவங்களில் துக்குமானில் கரும்பு, மெந்தோசாவில் திராட்சை. இந்த வரிசையைப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்கள் நாடு முழுவதும் நகர்ந்தாக வேண்டும். அவர்கள் கையிலோ டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. பயிர் அழுகாமல் காக்க ஆள் வேண்டும் என்ற நிலவுடைமையாளரின் தேவையும், வேலை வேண்டும் என்ற கூலித் தொழிலாளியின் தேவையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் அந்த ஆணை பிறந்தது. அதை ஏழைகளுக்குக் காட்டிய கருணை என்று மட்டும் சொல்வது முழு உண்மை ஆகாது என்பது என் கருத்து.

அதே நிலத்தில், அதே அதிகார வர்க்கம், வேலை தேடி அலைபவனை நூறு ஆண்டுகளாகக் குற்றவாளியாகவே நடத்திவந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1815-ஆம் ஆண்டு ப்யூனஸ் அயர்ஸ் ஆளுநர் மனுவேல் லூயிஸ் தே ஒலிதென் பிறப்பித்த கட்டளைப்படி, சொத்து இல்லாத நாட்டுப்புறத்து ஆண் ஒவ்வொருவனும் 'ஊழியன்' என்று கருதப்பட்டான். தான் இன்ன முதலாளியிடம் வேலை செய்கிறேன் என்று காட்டும் சீட்டு ஒன்றை அவன் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாதவன் 'சோம்பேறி, வீணன்' என்று முத்திரை குத்தப்பட்டுப் படைக்கு அனுப்பப்படுவான். 1865-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பார்வை நீடித்தது. பயணத்தையே குற்றமாகக் கருதிய அந்த மரபுக்குப் பிறகு வந்த 1920-ஆம் ஆண்டு ஆணை, வேலைக்காக நகரும் மனிதனுக்குக் கிடைத்த ஓர் அங்கீகாரம்தான். அந்த அங்கீகாரத்தின் பெயரே பின்னாளில் வசைச் சொல் ஆகிப்போனது எனக்கு இன்றும் வேதனை தரும் செய்தி.

குரோத்தோ எப்படி வாழ்ந்தான்? அவனுடைய உடைமை முழுவதும் ஒரு மூட்டையில் அடங்கும். அந்த மூட்டைக்கு 'மோனோ' என்று பெயர். வழக்கமான ஸ்பானிய மொழியில் 'மோனோ' என்றால் குரங்கு. கதையில் ஒருவன் 'மோனோவைத் தோளில் போட்டுக்கொண்டு' இறங்குவதாக வந்தால் அவன் குரங்கு வளர்ப்பவன் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு போர்வை, மாற்றுத் துணி, தரையில் விரிக்க ஒரு சாக்கு அல்லது தார்ப்பாய் ஆகியவற்றை இறுகச் சுருட்டிக் கட்டியதுதான் மோனோ. சமையல் சாமான்கள் தனியாக வேறொரு பையில் இருக்கும். அதற்கு 'பகஷேரா' என்று பெயர். புகை படிந்த ஒரு தகர டப்பா, மாத்தே என்னும் இலைப்பானம் குடிக்கும் சுரைக் குடுவை, ஒரு கத்தி, கொஞ்சம் உப்பு, கிடைத்தால் கொழுப்பு அல்லது ஒரு துண்டு இறைச்சி. நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பாலத்தின் அடியிலோ மரத்தடியிலோ இப்படிப்பட்டவர்கள் கூடித் தங்கும் இடத்துக்கு 'ராஞ்ச்சாதா' என்பது பெயர். அங்கே நெருப்பு பொது.

இதில் மக்காச்சோள அறுவடை மிகக் கொடியது. குளிர் தொடங்கும் மாதங்களில் விடியற்காலையில் பனி உறைந்த வரிசைகளுக்குள் இறங்க வேண்டும். கையில் தோல் வாரால் கட்டிய ஒரு கூர்முனைக் கருவியைக் கொண்டு கதிரின் மேல் உறையைக் கீறி, காய்ந்த உறையை உரித்து, கதிரை ஒடித்து எறிய வேண்டும். அந்தக் கருவிக்கு 'அகுஹா', அதாவது ஊசி, என்று பெயர். கதிர்கள் விழுவது 'மலேதா' என்ற நீண்ட பையில். அதை இடுப்பில் கட்டி, இரண்டு கால்களுக்கும் நடுவே தரையில் இழுத்துக்கொண்டே முன்னேற வேண்டும். தரையில் உராய்ந்து கிழியாமல் இருக்க அதன் அடிப்பாகம் தோலால் ஆனது. பை நிறைய நிறையச் சுமையும் ஏறும். ஈரமான உறையின் விளிம்பு விரல்களை அறுத்துவிடும். கூலி நாள் கணக்கில் இல்லை, மூட்டைக் கணக்கில். இந்த வேலையைச் செய்து முடித்த மனிதனைப் 'பிச்சைக்காரன்' என்று ஓர் அகராதி ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவதைப் படிக்கும்போது நீங்கள் கேட்ட கேள்வி எவ்வளவு நியாயமானது என்று தெரிகிறது.

குரோத்தோக்களில் வாசிப்பவர்கள் இருந்தார்கள் என்பதும் குறிப்பிட வேண்டிய செய்தி. 20-ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் அர்ஜென்டினத் தொழிலாளர் இயக்கத்தில் அராஜகவாதிகள் பெரும் செல்வாக்குடன் இருந்தனர். முதலாளியும் அரசும் இல்லாத சமூகம் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1897-இல் தொடங்கிய 'லா ப்ரொதெஸ்தா' போன்ற அவர்களின் ஏடுகள் மோனோவுக்குள் மடித்து வைக்கப்பட்டு ஊர் ஊராகப் போயின. எழுத்து தெரிந்தவர் ராஞ்ச்சாதாவில் நெருப்பு வெளிச்சத்தில் படிக்க, தெரியாதவர்கள் கேட்டார்கள். வேலை கிடைக்காமல் அலைந்தவர்களோடு, ஒரே முதலாளிக்கு அடிமைப்பட மாட்டேன் என்ற கொள்கையால் தாமே விரும்பி இந்த வாழ்க்கையைத் தேர்ந்தவர்களும் இருந்தார்கள். தாந்தில் ஊரைச் சேர்ந்த ஹோசே அமேரிகோ கெஸ்ஸி என்பவர் அவர்களில் மிகவும் அறியப்பட்டவர். 'பேப்போ' என்பது அவருடைய அழைப்புப் பெயர். கல் உடைக்கும் தொழிலுக்குப் பேர்போன அந்த ஊரிலிருந்து இளமையில் ரயிலேறிய அவர், பல ஆண்டுகள் இருப்புப் பாதைகளிலேயே வாழ்ந்து, முதுமையில் அந்த நினைவுகளைச் சொல்லிப் பதிவு செய்ய உதவினார். குரோத்தோ வாழ்க்கையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த பல நுணுக்கங்கள் அவர் போன்றோரின் வாய்மொழியில் கிடைத்தவை.

இங்கே இன்னொரு சொல்லையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதே வகை மனிதனுக்கு 'லின்யேரா' என்றும் பெயர் உண்டு. உங்கள் கதையிலும் பின்னால் வரக்கூடும். அது வட இத்தாலியக் கிளைமொழிகளிலிருந்து குடியேறிகளோடு வந்த சொல். அங்கே அது நாடோடிகளையும் ஊர்சுற்றிகளையும் குறித்தது. அர்ஜென்டினாவில் முதுகில் சுமக்கும் மூட்டைக்கும் 'லின்யேரா' என்ற பெயர் வழங்கியது; அதைச் சுமக்கும் மனிதனுக்கும் வழங்கியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வடிவம் மாறாது: 'எல் லின்யேரா', 'லா லின்யேரா'. இரண்டையும் ஒன்றாகவே பலர் பேசினாலும், இன்றைய காதுக்கு ஒரு வேறுபாடு கேட்கிறது. லின்யேரா என்றால் தெருவில் வாழும் ஆள் என்று மட்டுமே பொருள் வரும். சில நேரம் அதில் ஒரு பரிவும் தொனிக்கும், வழிப்போக்கனின் சுதந்திரத்தை நினைவூட்டும். குரோத்தோ என்பதில் அந்தப் பரிவு அநேகமாக இல்லை. நன்றாகச் சம்பாதித்து நல்ல வீட்டில் வாழ்பவனையும் கசங்கிய சட்டைக்காகக் 'குரோத்தோ' என்று திட்டலாம். 'லின்யேரா' அந்த அளவுக்கு வசைச் சொல்லாக விரியவில்லை.

மூன்றாவது சொல் 'சிரூஹா'. இது நகரத்தின் சொல். அறுவை மருத்துவரைக் குறிக்கும் 'சிரூஹானோ' என்பதன் சுருக்கம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ப்யூனஸ் அயர்ஸின் தெற்குப் பகுதியில் நகரக் குப்பை எரிக்கப்பட்ட 'கேமா' என்ற இடத்தில், குப்பையைக் கிளறி எலும்பும் உலோகமும் கந்தலும் பொறுக்கி விற்றவர்களுக்கு இந்தப் பெயர் வந்தது. எலும்பைப் பிரித்தெடுக்கும் வேலையை அறுவை மருத்துவத்தோடு ஒப்பிட்டுக் கேலியாக வைத்த பெயர் என்பார்கள். இதுவும் இன்று 'தெருவில் கிடப்பவன்' என்ற பொருளில் கலந்து வழங்குகிறது. 2001-ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அட்டையும் காகிதமும் சேகரித்து விற்று வாழ ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இரவில் நகருக்குள் வந்தபோது, 'சிரூஹா' என்ற இழிசொல்லின் இடத்தில் 'கார்தோனேரோ', அதாவது அட்டை சேகரிப்பவர், என்ற சொல் பரவலாக நிலைபெற்றது. 2002-இல் நகரச் சட்டமன்றம் நிறைவேற்றிய 992-ஆம் சட்டம் அவர்களை 'நகர்ப்புற மீட்பாளர்கள்' என்று அழைத்து, அவர்கள் வேலையைத் துப்புரவுப் பணியின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. வேலைக்கு உரிய பெயரைப் போராடித் திரும்பப் பெற்றவர்கள் அவர்கள். குரோத்தோக்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வரவில்லை.

'அதொர்ராந்தே' என்ற சொல்லையும் பலர் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ப்யூனஸ் அயர்ஸில் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கக் கொண்டுவந்து போட்டிருந்த பெரிய குழாய்களுக்குள் வீடற்றவர்கள் தூங்கினார்கள், அந்தக் குழாய்களில் 'ஆ. தொர்ராந்த்' என்று உற்பத்தியாளர் பெயர் பொறித்திருந்தது, அதிலிருந்து சொல் வந்தது என்று ஒரு கதை உண்டு. அழகான கதைதான், ஆனால் மொழியறிஞர்கள் இதை ஏற்பதில்லை. தூங்குவதைக் குறிக்கும் 'அதொர்ரார்' என்ற கொச்சை வினையோடு அது தொடர்புடையது என்பதே பொருத்தமான விளக்கம். இன்று அதன் பொருள் வெகுதூரம் நகர்ந்து, வெட்கமில்லாதவன், போக்கிரி என்ற அளவுக்குப் போய்விட்டது. நண்பர்களுக்குள் செல்லமாகவும் சொல்லிக்கொள்வார்கள்.

இவை எல்லாமே ப்யூனஸ் அயர்ஸைச் சூழ்ந்து வளர்ந்த 'லுன்ஃபார்தோ' என்ற கொச்சை வழக்கின் சொற்கள், அல்லது அதோடு கலந்துவிட்டவை. இந்த வழக்கை ஆராய்வதற்கென்றே 1962-ஆம் ஆண்டு ப்யூனஸ் அயர்ஸில் ஒரு கழகம் நிறுவப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது. ஆற்றுக்கு அக்கரையில், உருகுவாயில், இதே மனிதருக்குப் 'பிச்சிகோமே' என்று பெயர். தமிழ் வாசகருக்கு உடனே 'பிச்சை' நினைவுக்கு வரும். ஆனால் தமிழோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. கடற்கரையில் ஒதுங்கும் பொருள்களைப் பொறுக்கி வாழ்பவரைக் குறிக்கும் 'பீச்கோமர்' என்ற ஆங்கிலச் சொல் ஸ்பானிய நாக்கில் திரிந்து உருவானது அது.

அப்படியானால் உண்மையிலேயே கையேந்துபவரை ஸ்பானிய மொழியில் எப்படிச் சொல்வது? எல்லா நாட்டிலும் புரியும் பொதுச் சொல் 'மெந்திகோ'. மெக்சிகோவில் 'லிமோஸ்னேரோ' என்பார்கள். 'லிமோஸ்னா' என்றால் தருமக் காசு. 'போர்தியோசேரோ' என்று இன்னொரு சொல் உண்டு. 'போர் தியோஸ்', அதாவது 'கடவுளின் பேரால்', என்று சொல்லிச் சொல்லிக் கேட்பவர் என்பதால் அந்தக் கூவலே அவருக்குப் பெயராகிவிட்டது. எழுத்திலும் பேச்சிலும் அது வரும். கொஞ்சம் பழமையும் கொஞ்சம் இகழ்ச்சியும் கலந்த சொல். மெக்சிகோவில் ஓர் எச்சரிக்கை தேவை: 'மெந்திகோ' என்று இரண்டாம் அசையை அழுத்திச் சொன்னால் பிச்சைக்காரர், 'மேந்திகோ' என்று முதல் அசையை அழுத்தினால் கயவன், அற்பன் என்ற வசை. அழுத்தம் ஓரசை மாறினால் சண்டை வரும்.

குரோத்தோ என்ற பெயர் தொழிலாளியிடமிருந்து பிச்சைக்காரருக்கு எப்படிப் போனது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். அது ஒரே நாளில் நடந்ததில்லை. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் தானிய விலை வீழ்ந்து, வேலை இழந்தவர்கள் இருப்புப் பாதை நெடுகப் பெருகினார்கள். தலைநகரில் புவேர்த்தோ நுவேவோ துறைமுகத்தை ஒட்டி வேலையற்றோரின் குடிசைக் குடியிருப்பே எழுந்தது. வேலை தேடி ரயிலேறியவனுக்கும், வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையை இழந்து ரயிலேறியவனுக்கும் ஊர்க்காரர் கண்ணில் வேறுபாடு தெரியவில்லை. பண்ணை வீட்டுக் கதவைத் தட்டி ஒரு துண்டு ரொட்டியோ இறைச்சியோ கேட்பது அந்த வாழ்க்கையின் பகுதியாக முன்பே இருந்ததுதான். அந்தக் காட்சியே எஞ்சி நின்றது.

பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. 1944-இல் வந்த 'பண்ணைத் தொழிலாளர் சட்டவிதி' நிலையான பண்ணைத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியும் ஓய்வும் உறுதி செய்தது, 1947-இல் 13.020-ஆம் சட்டம் அறுவடைக் காலக் கூலிகளையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. இரண்டும், குடியரசுத் தலைவரான ஹுவான் தொமிங்கோ பெரோன் அரசியலில் எழுந்த காலத்தைச் சேர்ந்தவை. 1948-இல் ஆங்கிலேயர் ரயில்கள் அரசுடைமை ஆயின. நகரத் தொழிற்சாலைகள் ஆள் கேட்டன. கோதுமையை அறுத்துத் தூற்றும் இயந்திரங்கள் ஏற்கெனவே வந்திருந்தன. 1950-களில் மக்காச்சோளத்துக்கும் இயந்திரம் பரவியதோடு அகுஹாவும் மலேதாவும் சுவரில் மாட்டும் பொருள்கள் ஆயின. தானியத்தை மூட்டை கட்டித் தோளில் சுமப்பதும் குறைந்து, தளர்வாகக் கொட்டி ஏற்றும் முறை வந்தது. இளைஞர்களும் உடல் வலு உள்ளவர்களும் பாதையை விட்டு வெளியேறினார்கள். போக இடமில்லாத முதியவர்களும், குடியிலும் நோயிலும் தளர்ந்தவர்களும், தனிமையைப் பழகிப்போனவர்களும் மிஞ்சினார்கள். அடுத்த தலைமுறை கண்ட குரோத்தோ அவர்கள்தான். வேலையைக் காணாமல் கந்தலை மட்டும் கண்ட அந்தத் தலைமுறை, சொல்லுக்கும் அந்தப் பொருளையே கொடுத்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சொல்லை முன்போல இலகுவாக உச்சரிக்க முடிவதில்லை.

இனி இன்றைய புழக்கம். மிக அதிகமாகக் காதில் விழுவது உடை பற்றிய பேச்சில்தான். 'பரெசேஸ் உன் குரோத்தோ' என்றால் 'பார்க்கப் பரதேசி மாதிரி இருக்கிறாய்' என்று பொருள். உங்கள் கதையில் வரும் தாய் இதைத்தான் சொல்லியிருப்பாள். தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'எஸ்தோய் எச்சோ உன் குரோத்தோ' என்பார்கள்: தாடியை மழிக்கவில்லை, வீட்டுத் துணியோடு இருக்கிறேன், இப்படி வெளியே வர முடியாது என்ற பொருளில். தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும்போது இதில் புண்படுத்தல் இல்லை. குடும்பத்துக்குள்ளும் நெருங்கிய நண்பர்களிடமும் கேலியாகப் போய்விடும். இளைஞர் பேச்சில் 'ரே குரோத்தோ' என்று முன்னால் ஒரு மிகைச்சொல் சேர்த்து, மட்டமான உணவகம், மலிவான பரிசு, அரைகுறை ஏற்பாடு எதையும் சொல்வார்கள். கால்பந்து ரசிகர்கள் ஆட்டம் தெரியாத வீரனை 'குரோத்தோ' என்று திட்டுவதையும் கேட்கலாம்.

இதே உலகத்திலிருந்து வந்த இன்னொரு தொடரையும் அறிந்துகொள்வது நல்லது. 'கெதார் என் லா பீயா' என்றால் சொல்லுக்குச் சொல் 'இருப்புப் பாதையில் நிற்பது'. வழக்கில் கையில் காசில்லாமல் நடுத்தெருவுக்கு வந்துவிடுவது. இதன் நீண்ட வடிவம் 'என் பம்பா இ லா பீயா'. ப்யூனஸ் அயர்ஸின் பெல்கிரானோ பகுதியில் பம்பா என்ற தெரு ரயில் பாதையைக் கடக்கும் இடத்தோடு இதைத் தொடர்புபடுத்தி, குதிரைப் பந்தயத்தில் எல்லாவற்றையும் தோற்றவர்கள் வந்து நிற்கும் இடம் அது என்பார்கள். தொடரின் பிறப்பு எப்படி இருந்தாலும், 'பம்பா', 'பாதை' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்கும் அர்ஜென்டினக் காதில் வெட்டவெளியும் தண்டவாளமும் ஒரு கணம் தோன்றாமல் இருக்காது.

நீங்கள் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. உங்கள் கசங்கிய சட்டையைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்ளலாம். நெருங்கிய அர்ஜென்டின நண்பர் உங்களைக் கேலி செய்தால் அதே தொனியில் திருப்பிச் சொல்லலாம். தெருவில் உறங்கும் ஒரு மனிதரைச் சுட்டி அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது. அதற்கு இன்று நாட்டில் நாளிதழ்களும் அரசும் சமூக அமைப்புகளும் பயன்படுத்தும் தொடர் 'பெர்சோனா என் சித்துவாசியோன் தே காஷே', அதாவது 'தெருவில் வாழ நேர்ந்தவர்'. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 27.654-ஆம் சட்டமும் இந்தத் தொடரையே கையாள்கிறது. நீளமாக இருக்கிறதே என்று தோன்றலாம். அந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. வீடின்மை ஒரு மனிதருக்கு நேர்ந்த நிலைமை, அவருடைய அடையாளம் அது இல்லை என்பதை அந்தத் தொடர் தாங்கி நிற்கிறது.

படிக்கும்போதோ மொழிபெயர்க்கும்போதோ, கதை நடக்கும் காலத்தை முதலில் பாருங்கள். 1920-க்கும் 1950-க்கும் இடையே, நாட்டுப்புறத்தில், ரயிலோடும் அறுவடையோடும் இந்தச் சொல் வந்தால் 'பிச்சைக்காரன்' என்று எழுதாதீர்கள். 'நாடோடிக் கூலி', 'அறுவடைக் கூலி' போன்ற சொற்களோ, முதல் முறை ஒரு வரி விளக்கம் தந்துவிட்டுக் 'குரோத்தோ' என்றே வைத்துக்கொள்வதோ பொருத்தமாக இருக்கும். அதற்குப் பிந்தைய காலத்தில், நகரத்தில், வசையாக வந்தால் தமிழில் 'பரதேசி' ஏறத்தாழச் சரியாகப் பொருந்தும். அதுவும் வேற்று ஊரிலிருந்து நடந்து வந்தவரைக் குறித்து, பிறகு யாசிப்பவரைக் குறித்து, கடைசியில் திட்டாக முடிந்த சொல்தான். பொருளின் மேல் ஏற்றிச் சொல்லும் இடத்தில் 'மட்டமான' என்பதே போதும். உங்கள் கதையில் இரண்டு பொருளும் வருவதால், ரயிலில் போகிறவனுக்கும் தாயின் திட்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு இடத்திலும் வெவ்வேறு சொல்லைப் போட்டுவிட்டு, ஸ்பானிய மூலத்தில் இரண்டும் ஒரே சொல்தான் என்பதை ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.